நந்தியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நந்தி இருபது டன்னுக்குக் குறையாது என்பார்கள். ஒரே கல். அதே நந்தியை அதே அளவில் தெர்மாகோலில் செய்தால் என்ன எடை வரும்? கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ. அப்படிப் பார்த்தால் 20 டன் நந்தியின் கன அளவு ஏழரை கன மீட்டருக்குள் அடங்கிவிடும். நாங்கள் வாங்குகிற சாதாரண தெர்மாகோல் கட்டி, கன மீட்டருக்கு 16 கிலோ ரகம். பெருக்கிப் பார்த்தால் 120 கிலோ. வயிற்றைக் குடைந்துவிட்டால் அதிலும் பாதி. துண்டு துண்டாகப் பிரித்துக் குட்டி யானை வண்டியில் ஏற்றினால் இரண்டு மூன்று நடையில் சென்னையின் எந்த மூலைக்கும் போய்விடும். காலையில் இறக்கினால் சாயங்காலம் நந்தி உட்கார்ந்திருக்கும்.

நான் இருப்பது ஆதம்பாக்கம். எங்கள் ஊர்க் கோயிலே நந்தீஸ்வரர் கோயில்தான். பிருங்கி முனிவருக்கு இறைவன் நந்தி வடிவில் காட்சி கொடுத்த இடம் என்பது தலபுராணம். அதனாலோ என்னவோ, பெரிய சிற்பங்களுக்கு எடை குறைந்த நகல் செய்யும் இந்த வேலைக்கு வந்தபிறகு, எதை விளக்க வேண்டுமென்றாலும் எனக்கு நந்தி உதாரணம்தான் முதலில் வருகிறது. கண்காட்சி, கல்லூரி விழா, கலைஞர்கள் வைக்கும் தற்காலிகக் காட்சி என்று சில நாட்கள் மட்டும் நிற்கப்போகிற சிற்பங்கள்தான் எங்கள் பிழைப்பு. வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் எப்படிச் செய்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். அதைச் சொல்கிறேன். ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றும் கேள்வி வேறு. விழா முடிந்த மறுநாள் அந்த நந்தி எங்கே போகும்?

முதலில் செய்முறை. எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் சாலிகிராமத்துக்காரர். வாழ்நாள் முழுக்க சினிமா செட்டில் மோல்டிங் வேலை பார்த்தவர். கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி, சூடேறிய நிக்ரோம் கம்பியால் பெரிய உருவத்தை முதலில் வெட்டிவிடுவார். கம்பி போகும்போது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சத்தமே இருக்காது. பிளாஸ்டிக் உருகும் வாடை மட்டும் வரும். அதனால் எல்லாச் சன்னலையும் திறந்துவைத்து, மூக்கை மூடிக்கொண்டுதான் வேலை. அதன்பிறகு ஆக்சா பிளேடு, ரம்பம், உப்புத்தாள்.

அவர் நந்தியின் கழுத்து மணிகளைச் செதுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கல்லில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் விரல் நுனி அளவுக்குத்தான் பள்ளம் இருக்கும். மாஸ்டர் அதே இடத்தில் இரண்டு மடங்கு ஆழம் எடுப்பார். “கண்ணை இன்னும் உள்ளே தள்ளும்மா. பெயிண்ட் அடிச்சா நிழல் செத்துடும்” என்பார். கல்லுக்கு எடை இருக்கிறது, பளபளப்பு இருக்கிறது, வெயில் பட்டால் தானே ஒரு நிழலைப் போட்டுக்கொள்கிறது. தெர்மாகோல் வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும். அதனால் மூலத்தில் உள்ள அளவை அப்படியே எடுத்தால் நகல் மொழுமொழுவென்று பொம்மை மாதிரி வரும். எத்தனை அடி தூரத்திலிருந்து ஆட்கள் பார்ப்பார்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று தெரிந்த பிறகுதான் மாஸ்டர் பிளேடையே எடுப்பார். நகல் செய்வது என்றால் அளவெடுத்துப் படியெடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது தீர்மானங்களின் வேலை என்று புரிந்தது அந்த மணிமாலையில்தான்.

செதுக்கிய பிறகு தோல். மைதா காய்ச்சிய பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, பழுப்புக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து ஒட்ட வேண்டும். மயில்துத்தம் பூச்சி அரிக்காமல் இருக்க. கத்தரித்த காகிதத்தை ஒட்டினால் ஓரம் கோடாகத் தெரியும். கிழித்த காகிதம்தான் ஒன்றோடொன்று கலக்கும். ஃபைபர் போட வேண்டும் என்றாலும் இந்தக் காகிதத் தோல் கட்டாயம். பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. நேரடியாகத் தெர்மாகோல் மேல் தடவினால் கண்ணெதிரே கரைந்து பள்ளமாகிவிடும். தின்னரும் பெட்ரோலும் அப்படித்தான். ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவிலும் அதே ஆபத்து உண்டு. தோல் காய்ந்த பிறகு சாக் பவுடரும் ஃபெவிகாலும் குழைத்து ஒரு பூச்சு, ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினால் கல்லின் சொரசொரப்பு. கடைசியில் சாம்பல் எமல்ஷன். பிரஷ்ஷில் பெயிண்டை முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் வெளிர் நிறத்தால் தடவிவிட்டால் கல் வந்துவிடும்.

இந்தக் கைத்திறனுக்குச் சென்னை மாதிரி இன்னொரு ஊர் அமைவது கஷ்டம். 1987இல் ‘நாயகன்’ படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி மும்பைத் தாராவியை இங்கே சென்னை ஸ்டுடியோவில் எழுப்பினார். அந்தக் கலை இயக்கத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. படம் பார்த்தவர்கள் அதைச் செட் என்று நம்பவில்லை. அதே தோட்டா தரணியைத்தான் 2010 மார்ச்சில் அரசாங்கமே அழைத்தது. ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற வளாகத்தை மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தபோது, கட்டடத்தின் குவிமாடம் முடிந்திருக்கவில்லை. அவர் குழு ஒரு தற்காலிகக் குவிமாடத்தைச் செய்து மேலே உட்காரவைத்தது. அன்றைக்கு அண்ணா சாலையில் போனவர்களுக்கு அது முழுக் கட்டடம். அந்த வளாகம் இப்போது பல்நோக்கு மருத்துவமனை. அந்தக் குவிமாடத்தின் கீழே சாரம் கட்டிய, ரீப்பர் அறுத்த, பூச்சுப் பூசிய ஆட்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வரும். ஓவியத்தின் கீழே ஓவியர் கையெழுத்து இருக்கிறது. கண்காட்சிப் பலகையில் கலைஞர் பெயர், ஏற்பாட்டாளர் பெயர், விளம்பரதாரர் பெயர் எல்லாம் இருக்கிறது. மோல்டிங் மாஸ்டர் பெயருக்கு ஒரு வரி சேர்க்க எவ்வளவு இடம் பிடித்துவிடும்?

எடையைக் குறைப்பது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. நம் கோபுரங்களைப் பாருங்கள். அடித்தளம் கருங்கல். அதற்கு மேலே நிலை நிலையாக ஏறும் பகுதி பெரும்பாலும் செங்கல்லும் சுதையும். அவ்வளவு உயரத்தில் கல் சிற்பங்களை ஏற்றினால் கீழே தாங்காது என்று ஸ்தபதிகளுக்குத் தெரியும். சுதை மழையில் வெடிக்கும், வண்ணம் வெளுக்கும். அதற்காகத்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற ஏற்பாடு இருக்கிறது. பழுது பார்ப்பது சடங்கோடு சேர்ந்தே வருகிறது. சுவாமிமலையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் ஜி20 மாநாட்டுக்காக வைத்த நடராஜர் 27 அடி, 18 டன். அதைச் செய்த சுவாமிமலையில் வார்ப்பு வேலையில் முதலில் மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவத்தைச் செய்கிறார்கள், அதன்மேல் மண் பூசிச் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். நாம் கும்பிடுகிற ஒவ்வொரு செப்புத் திருமேனிக்கும் முன்னால், அதே முகத்தோடு எடையில்லாத ஒரு மூர்த்தி இருந்து, உருகிப் போய் வழிவிட்டிருக்கிறது.

இனி என் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். காற்று.

கல் நந்தியைப் புயல் ஒன்றும் செய்யாது. எங்கள் நந்தி 120 கிலோ, குடைந்தால் 60. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோ அழுத்தம். நந்தியின் பக்கவாட்டை 8 சதுர மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட 200 கிலோ விசை அதைத் தள்ளும். அதன் சொந்த எடையைவிட அதிகம். இந்திய தர நிர்ணயம் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. எடை குறையக் குறையச் சிற்பம் ஆபத்தாகிக்கொண்டே போகிறது என்பதை வாடிக்கையாளர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரிய பாடு. “லைட் வெயிட்தானே, விழுந்தா என்ன ஆகப்போகுது?” என்று கேட்பார்கள்.

என்ன ஆகும் என்று இந்த ஊருக்குத் தெரியும். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், சாலையில் வைத்த பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்மேல் விழுந்தது. நிலைதடுமாறிய அவர்மேல் பின்னால் வந்த லாரி ஏறியது. அந்தப் பேனருக்கு என்ன எடை இருந்திருக்கும்? அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். சிற்பத்தின் முகத்தை வரையுமுன் அடிச்சட்டத்தை வரைவோம். இரும்பு ஆங்கிளில் அகலமான பீடம், அதிலிருந்து உடம்புக்குள் ஏறும் கம்பிக்கூடு, சுற்றிலும் கயிறு கட்ட வளையம். பாரத்துக்கு மணல் மூட்டை போடுவதை நிறுத்திவிட்டோம். கிழிந்து கொட்டி, போகும்போது அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இப்போது நந்தியின் வயிற்றுக்குள் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள். ஒரு கேன் 20 கிலோ. தேவையான அளவு அடுக்கலாம், முடிந்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கேனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். மார்கழி நெருங்கும்போது திறந்தவெளி வேலை கேட்டால் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. 2016 டிசம்பர் வர்தா புயலில் ஆதம்பாக்கத்தில் மரம் மரமாக விழப் பார்த்தவள் நான்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை: தெர்மாகோல் எரிந்தபடியே சொட்டும். எளிதில் தீப்பற்றாத ரகம் கடையில் உண்டு, விலை கூட. அதை மட்டும் வாங்குங்கள். ஹாலஜன் விளக்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சரி, விழா முடிந்தது. நந்தி எங்கே போகும்?

சென்னையில் இதற்குப் பதில் பெரும்பாலும் பெருங்குடி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டிய இடம். அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகள் வரும் இடம். தெர்மாகோல் உடைந்தால் குருணை குருணையாகப் பறக்கும். பட்டறையில் ஒருநாள் வேலை முடிந்து பெருக்கினால் துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டே வரும். வாசல் தாண்டிய குருணை முதல் மழையில் மழைநீர் வடிகாலுக்குள் போய்விடும். எங்கள் பக்கத்து வடிகால் தண்ணீர் கடைசியில் சேருவது அந்தச் சதுப்பு நிலத்தில்தான். தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டும் கோப்பையும் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஒரு தட்டைத் தடுத்துவிட்டு, ஆயிரம் தட்டுக்குச் சமமான ஒரு நந்தியை மூன்று நாள் வைத்து எடுத்துப் போடுவதை எப்படி நியாயப்படுத்துவது?

முடிவை யோசிக்காமல் செய்த தற்காலிகச் சிற்பம் என்ன கதியாகும் என்பதற்குப் பாரிசில் ஒரு பழைய கதை உண்டு. பஸ்தீல் சிறை இருந்த இடத்தில் வெண்கல யானை வைக்க நெப்போலியன் ஆசைப்பட்டார். வெண்கலம் வரும்வரை மரச்சட்டத்தின் மேல் சுண்ணப்பூச்சால் 24 மீட்டர் உயர மாதிரி யானையை எழுப்பினார்கள். நெப்போலியன் ஆட்சி போனது, வெண்கலமும் வரவில்லை. மாதிரி யானை மட்டும் முப்பது ஆண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்று, பெயர்ந்து, எலிகள் குடியேறி, 1846இல்தான் இடிக்கப்பட்டது. விக்தோர் உய்கோவின் ‘லே மிசராப்ளே’ நாவலில் தெருச்சிறுவன் கவ்ரோஷ் படுத்துத் தூங்குவது அந்த யானையின் வயிற்றுக்குள்தான்.

இதற்கு நேர் எதிரானது பெய்ஜிங். 1989 மே மாதக் கடைசியில் மத்திய நுண்கலைக் கழக மாணவர்கள் தியானன்மென் சதுக்கப் போராட்டத்துக்காகச் சுமார் 10 மீட்டர் உயரமுள்ள ‘ஜனநாயக தேவதை’யைச் சில நாட்களில் செய்தார்கள். இரும்புக் கூடு, ஃபோம், காகிதக்கூழ், பூச்சு. புதிதாக உருவத்தை யோசிக்க நேரமில்லை. இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து நிற்கும் மனிதனின் பயிற்சிச் சிற்பம் ஒன்று கையில் இருந்தது, கம்பைத் தீப்பந்தமாக்கினார்கள். அதனால்தான் அந்தத் தேவதை இரண்டு கையாலும் பந்தத்தைப் பிடித்திருந்தாள். துண்டுகளைச் சைக்கிள் வண்டிகளில் கொண்டுபோனார்கள். சதுக்கத்தில் ஒருமுறை சேர்த்துவிட்டால் மறுபடி பிரிக்க முடியாதபடி வேண்டுமென்றே அமைத்தார்கள். அகற்ற நினைப்பவர்கள் எல்லார் கண்முன்னும் உடைத்தால்தான் முடியும். ஜூன் 4 அன்று ராணுவம் அப்படித்தான் உடைத்தது. அந்த மாணவர்கள் சிற்பத்தின் முடிவையும் சேர்த்து வடிவமைத்திருந்தார்கள். நான் அறிந்த தற்காலிகச் சிற்பங்களிலேயே என் மனத்தை இவ்வளவு உலுக்கியது வேறில்லை.

நம் பக்கத்திலும் முடிவிலிருந்து யோசித்தவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் படுகளம் பார்த்திருக்கிறீர்களா? கூத்து நடக்கும் திடலில் பல அடி நீளத்துக்குத் துரியோதனனை மண்ணால் படுத்த வாக்கில் செய்வார்கள். விறைத்த கை, உருட்டிய கண், கிரீடம், மார்பில் ஆபரணம். படுத்திருப்பதால் காற்றுப் பயமில்லை, கம்பிக்கூடு வேண்டாம், எடையைத் தரையே தாங்கிக்கொள்ளும். கடைசி நாள் பீமன் வேடக்காரர் தொடையைப் பிளப்பார், திரௌபதி கூந்தல் முடிப்பாள், ஜனம் அந்த மண்ணை ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப் போகும். மிச்சம் அந்தத் திடலின் மண்தான். பெருங்குடிக்குப் போக அங்கே ஒன்றுமே கிடையாது. ஒரு கலைக் கல்லூரியில் இதைப் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஸ்பெயினில் வலென்சியா நகரத்தில் ஃபாயாஸ் திருவிழா. ஆண்டு முழுக்கச் செய்த பிரமாண்டமான உருவங்களை மார்ச் 19 இரவு தெருவிலேயே கொளுத்துகிறார்கள். 2016இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மரமும் காகிதமுமாக இருந்தவரை அது நல்ல முடிவு. பின்னாளில் ஃபோம் நுழைந்து கரும்புகை கிளம்ப ஆரம்பித்த பிறகு அங்கேயும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். இத்தாலியில் வியாரெஜியோ ஊர்வலக்காரர்கள் 1925லேயே வேறு வழி பிடித்துவிட்டார்கள்: முதலில் களிமண் உருவம், அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு, அச்சுக்குள் மாவுப் பசையில் நனைத்த காகிதம் அடுக்கடுக்காக. உள்ளே வெற்றிடம், கட்டியே இல்லாமல் தோல் மட்டும். களிமண் அடுத்த உருவத்துக்கு.

வியாரெஜியோ பற்றிப் படித்தபோது எனக்குப் பண்ருட்டி ஞாபகம்தான் வந்தது. நம் கொலு பொம்மைக்காரர்கள் அச்சும் காகிதக்கூழுமாக இதைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். புதுச்சேரித் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பெரிய அளவுக்கு வழிகாட்டுகிறவர்கள் விநாயகர் செய்கிறவர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதம் வெளியிட்ட நெறிமுறையில் சிலைகளுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் தெர்மாகோலும் கூடாது என்றது. விநாயகர் செய்கிறவர்களில் பலர் ஏற்கெனவே காகிதக்கூழோடு மரவள்ளிக் கிழங்கு மாவைச் சேர்த்துப் பத்தடிப் பிள்ளையார் செய்யப் பழகியிருந்தார்கள். தண்ணீரில் போட்டால் கரையும், தூக்கவும் சுலபம். கலைக்காட்சி நடத்துகிறவர்கள் வெளிநாட்டுக் காணொளி தேடுமுன் அந்தப் பட்டறைகளுக்குப் போக வேண்டும்.

நாங்கள் இப்போது அந்த வழிக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். கூழ் தெர்மாகோலைவிடக் கனம், காய நாள் பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும். நுணுக்கமான மணிமாலை இன்னும் மாஸ்டர் திருப்திக்கு வரவில்லை. வெயில் காலத்தில் மூங்கில் பிளாச்சில் கூடு பின்னி, அதன்மேல் சாக்கு, அதன்மேல் கூழ் என்று போனால் எடை கட்டுக்குள் நிற்கிறது. விலைப்பட்டியலில் ‘பிரித்தெடுத்துத் திரும்பக் கொண்டுவருதல்’ என்று ஒரு வரியைத் தனியாகச் சேர்த்துவிட்டோம். பேரம் பேசுகிறவர்கள் முதலில் அடிக்கப் பார்ப்பது அந்த வரியைத்தான். மற்ற எதையும் குறைத்துக்கொள்கிறோம், அதை மட்டும் எடுப்பதில்லை. பெயர்ப்பலகையில் மாஸ்டர் பெயர் வேண்டும் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதிக் கேட்டு வாங்குகிறோம்.